உல்லாசப் படகும் சிப்பியும்

சென்ற மாதம் நம் சங்க நண்பர்கள் சிலர் வேம்பநாட்டுக் காயலில் படகேறி உலாவி வந்தோம். கழுத்தளவு நீரில் நின்று கக்கா வாரும் மக்களைக் கண்ட ஒருவர், "இந்த உல்லாசப் படகுகளால் சிப்பி இனத்துக்குத் தீங்கு உண்டா?" என்று என்னைக் கேட்டார். "ஆலைக் கழிவும் பெருங்கப்பலும் இருக்க, இச்சிறு படகா நீரைக் கெடுக்கும்?" என்று சற்று அலட்சியமாகவே விடை சொல்லிவிட்டேன். விடுதிக்குத் திரும்பி நூல்களைப் புரட்டியபோது நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. அதைத் திருத்தவே இக்கட்டுரை.

பிரான்சு நாட்டின் மேற்குக் கரையில் ஆர்க்கஷோன் என்றொரு விரிகுடா உண்டு. ஆளி என்னும் உண்ணும் சிப்பியை வளர்ப்பதே அங்குப் பல குடும்பங்களின் பிழைப்பு. 1970களின் பிற்பகுதியில் அங்கே ஆளிக் குஞ்சுகள் பிழைக்காமல் போயின. வளர்ந்த ஆளிகளின் ஓடோ அடுக்கடுக்காகத் தடித்து உருண்டு, விலைபோகாத பண்டமாயிற்று.

குற்றவாளி யார்? படகின் அடிப்புறத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டினால் வேகம் குறையும். அதைத் தடுக்க நஞ்சு கலந்த வண்ணம் பூசுவர். அந்நாளில் பலர் பூசிய வண்ணத்தில் இருந்தது டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம். ஒட்டும் உயிரைக் கொல்லப் பூசிய நஞ்சு, அருகிலுள்ள சிப்பியை மட்டும் விட்டுவைக்குமா?

பெருங்கப்பலினும் சிறு படகு இங்கே கொடிதாவது ஏன்? கப்பல் ஆழ்கடலில் ஓடுகிறது. அதன் நஞ்சு பரந்த நீரில் கரைந்து போகும். உல்லாசப் படகோ ஓடும் நாள் சில, கட்டிக்கிடக்கும் நாள் பல. அதுவும் ஆழமற்ற, ஒதுக்கமான துறையில், ஆயிரக்கணக்கில்! மேலும், கோடைக்கு முன்னர்தான் படகுக்குப் புது வண்ணம் பூசுவார்கள். புது வண்ணத்திலிருந்தே நஞ்சு மிகுதியாகக் கசியும். ஆளி முட்டையிடுவதும் அக்கோடையில்தான். போதாக்குறைக்கு, நீரை ஓயாமல் வடிகட்டி உண்ணும் பிராணியாதலால், ஆளி அந்நஞ்சைத் தன் உடலிலேயே சேர்த்துக்கொள்கிறது.

அளவையும் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட ஏரியில் ஒரே ஒரு கிராம் கரைத்தால், லிட்டருக்கு ஒரு நானோகிராம் ஆகும். ஏறக்குறைய இத்தனை சிறிய அளவே, இங்கிலாந்தின் கரைப் பாறைகளில் வாழும் ஒருவகைக் கடல் நத்தையின் பெண்ணினத்துக்கு ஆண் உறுப்பு முளைக்கச் செய்தது. கேடு முற்றிய நத்தைகளால் முட்டையிட இயலவில்லை. துறைமுகங்களை அடுத்த சில இடங்களில் அவ்வினமே அருகிப்போயிற்று.

1982இல் பிரான்சு, 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இவ்வண்ணத்தைத் தடை செய்தது. ஆர்க்கஷோனில் குஞ்சுகள் மீண்டும் பிழைத்தன. ஓட்டின் ஊனமும் குறைந்தது. காரணம் நீங்கக் காரியமும் நீங்கிற்று. இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? 1987இல் பிரிட்டனும் சிறு படகுகளுக்கு இத்தகைய தடை விதித்தது. 2001இல் உருவான உலக உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்து, கப்பல்களுக்கும் இவ்வண்ணத்தை விலக்கியது.

இதனோடு கதை முடியவில்லை. இப்போது பெரிதும் பயன்படும் செம்பு வண்ணமும், அளவு மிஞ்சினால் சிப்பிக் குஞ்சுக்கு நஞ்சே. படகின் கழிப்பறை நீரை அப்படியே விட்டால், அதிலுள்ள நோய்க்கிருமிகளைச் சிப்பி தன்னுள் சேர்க்கும். சிப்பி சாகாது, அதைச் சரியாக வேகவைக்காமல் உண்பவர் நோயுறுவார். அச்செய்தி பரவினால் வாரி விற்பவரின் அடுப்பு அணையும்.

எனவே, நண்பரே, என் திருத்திய விடை இது: தீங்கு உண்டு. எங்கும் ஒரே அளவில் அன்று. நீர் ஒதுங்கி நிற்கும் இடத்தில், படகு நெருங்கிக் கிடக்கும் இடத்தில் மிகுதி. அடுத்தமுறை படகேறும் முன் படகுக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்போம்: அடியில் பூசிய வண்ணம் எது? கழிவுநீர் எங்கே போகிறது?