கொழுந்து மூச்சுவிடும் மேல்மாடி

கேள்வி: எங்கள் தோட்டத்து ஸ்டோரின் (தேயிலைத் தொழிற்சாலையின்) மேல்மாடிகள் முழுவதும் சன்னல்களாகவே இருக்கின்றன. இந்த அமைப்பு எப்படித் தோன்றியது? ஸ்டோரைப் பார்க்கச் சென்ற என் மகளைத் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். அதற்கும் காரணம் உண்டா?
வாசகர் ஒருவர், கொத்மலை

பதில்: பறித்த கொழுந்து உயிரற்ற பொருளன்று. கூடையிலிருந்து சாக்குக்கும் சாக்கிலிருந்து லொறிக்கும் மாறுகையிலும் அது சுவாசித்துக்கொண்டேயிருக்கிறது; அந்தச் சுவாசத்தில் பிறக்கும் உஷ்ணம் வெளியேற வழியின்றிக் குவியலாகக் கிடந்தால், இலை தன்னுள்ளேயே வெந்து சிவந்து, நல்ல தேயிலையாகும் யோக்கியதையை இழந்துவிடுகிறது. ஆதலால் அதை மெல்லியதாகப் பரப்பிக் காற்றோட்டத்தில் விட்டு, அதன் எடையில் முக்காற் பங்குக்கு மேற்பட்ட நீரில் ஒரு பகுதியைப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரத்தில் நிதானமாகப் போக்க வேண்டியிருக்கிறது. வாட்டுதல் என்று நாம் சொல்லும் காரியம் இதுவே.

1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், தம் பங்களாவின் தாழ்வாரத்திலேயே இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி மூட்டி உலர்த்தினார். 1869 முதல் இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழிக்க, அவ்விடமெல்லாம் தேயிலை பரவியபோது, மலைபோல் வந்து குவிந்த கொழுந்துக்குத் தாழ்வாரம் எம்மாத்திரம்? அடுக்கடுக்காகச் சணல் துணித் தட்டுகளைக் கட்டி, இருபுறமும் வரிசையாகச் சன்னல் வைத்து, மாடிமேல் மாடியாக ஸ்டோர்கள் எழுந்தது அந்த அவசியத்தினால்தான்.

ஆனால் சன்னல் மட்டும் போதுமானால், உங்கள் கொத்மலையில் தென்மேற்குப் பருவகாலத்தில் தேயிலையே உண்டாகாது. திறந்த சன்னல் வழியே காற்றுக்குப் பதிலாக மூடுபனியல்லவா உள்ளே வருகிறது! ஈரம் நிரம்பிய வாயு இலையின் ஈரத்தை ஏற்காது. ஆகவே கீழே அடுப்பறையில் காய்ந்த வெப்பக் காற்றை, வெளிக்காற்றோடு அளவாய்க் கலந்து, பெரிய விசிறிகளால் மாடி நெடுக இழுக்கும் முறை வந்தது. இந்தக் காற்று வித்தையில் தேயிலைத் தொழில் பெரிதும் கடமைப்பட்டிருப்பது சாமுவேல் டேவிட்சன் என்பவருக்கு. 1864-இல் கச்சார்ப் பிரதேசத்துத் தோட்டமொன்றுக்கு இளைஞராக வந்து, பின்னர் 1881-இல் பெல்பாஸ்ட் நகரில் ஆலை நிறுவி, பாலைவன வெங்காற்றின் பெயரால் ‘சிரோக்கோ’ என்று அழைக்கப்பட்ட உலர்த்தும் யந்திரங்களையும் விசிறிகளையும் அவர் செய்தனுப்பினார். தேயிலைக்கெனப் பிறந்த அவ்விசிறி பிற்காலத்தில் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் காற்றளித்தது. இன்று தட்டுகள் போய், கம்பிவலைத் தொட்டிகளின் அடியிலிருந்து விசிறி ஊதுகிறது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. கொழுந்தின் மூச்சுக்காக இத்தனை சன்னல்களைத் திறந்து வைத்த அதே கைகள், அதைக் கிள்ளிய மக்களுக்கு முதுகோடு முதுகு ஒட்டிய லயக் காம்பராக்களைக் கட்டி, அடுப்புப் புகை போக வழியில்லாமல் விட்டன. இந்த அநீதி தெரியாமல் நடந்ததென்று நான் நம்பவில்லை. காற்றின் அருமையை அந்த ஸ்டோர்களைக் கட்டியவர்களைவிட அறிந்தவர் யார்?

இனி மல்லிகைக்கு வருவோம். நன்கு உலர்ந்த தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே ஈரம் எஞ்சுவதால், அது ஈரத்தையும் வாசனையையும் தாகத்தோடு கவரும் சுபாவமுடையது. சீனர் மல்லிகைத் தேயிலை செய்வதே, இலைக்கிடையே பூவை அடுக்கிவைத்துத்தான். அங்கே விரும்பி ஏற்றுவது இங்கே குற்றமாகிறது. பூ, சவர்க்காரம், மண்ணெண்ணெய், வெங்காயம் எதுவும் ஸ்டோருக்குள் ஆகாது. வெப்பமூட்டும் அடுப்புக் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் விறகுப்புகை காற்றோடு கலந்துவிட, கொழும்பில் சுவைபார்ப்பவர் ஒரு மிடற்றிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார். உருட்டும் தளத்தில் சிந்திய இலைச்சாறு புளித்து நாறாதபடி நாள்தோறும் கழுவுவதும், பழைய நாளில் தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் முதலில் ஈயத் தகடும் பின்னர் அலுமினியத் தாளும் ஒட்டியதும் இதன் பொருட்டே.

மறுமுறை உங்கள் மகளை விடியற்காலையில், பூச்சூடாமல், டீமேக்கரின் அனுமதி பெற்று மேல்மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். பதமாக வாடிய கொழுந்தில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால், நொறுங்காமல் பந்துபோல் நிற்கும். மூக்கருகே கொண்டுபோனால், முந்தின மாலையில் இருந்த பச்சை வாடை போய், பழத்தின் மணம் வீசும்.