தேதி குறிக்கும் முன் ரத்தத்தைப் பாருங்கள்

"ரத்தம் கம்மின்னா ரெண்டு பாட்டில் ஏத்திடுங்க மேடம், ஆபரேஷனை மட்டும் தள்ளிப் போடாதீங்க." செஞ்சிப் பக்கத்திலிருந்து மூட்டு அறுவைக்கு வருபவர்களின் பிள்ளைகள், மயக்க மருந்து கொடுக்கும் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. அவர்கள் அவசரத்தில் நியாயம் உண்டு. லீவு போட்டாகிவிட்டது, முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதி வந்தாகிவிட்டது. ஆனால் ஏற்றுகிற ரத்தம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

மண்டகப்பட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகேந்திரவர்மன் குடைவரை இருக்கும் அதே ஊர்தான். காலமெல்லாம் நடவு நட்டும் மல்லாட்டை பிடுங்கியும் இரண்டு முழங்காலும் வளைந்துவிட்டன. ஹீமோகுளோபின் 8. பெண்களுக்கு 12க்குக் கீழே, ஆண்களுக்கு 13க்குக் கீழே போனால் ரத்தசோகை. முழங்கால் மாற்று அறுவையில் வழக்கமாக 2, 3 கிராம் இறங்கும். 8 வைத்திருப்பவர் எங்கே போய் நிற்பார் என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் புரியும். "மூச்சு வாங்குதாம்மா?" என்றால், "வயசாச்சு இல்ல?" என்கிறார். உடம்பு மெல்ல மெல்லப் பழகிக்கொண்டுவிட்டது.

நான் முதலில் கேட்பது ரிப்போர்ட்டை அல்ல, மாத்திரைப் பையை. அவர் பையைக் கவிழ்த்தார். சர்க்கரை மாத்திரை, கால்சியம், அட்டையிலிருந்து இரண்டு இரண்டாக வெட்டிய சிவப்பு மாத்திரைகள். வெட்டிய துண்டில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மெடிக்கலில் "முட்டி வலிக்கு" என்று கேட்டு வாங்கியது, வருடக்கணக்காக ஓடுகிறது. டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணாக்கும். புண் கசிந்துகொண்டே இருக்கும். "மலம் தார் மாதிரி கறுப்பாப் போகுதா?" என்றதும் மகனைப் பார்த்தார். மகன் முன்னால் சொல்லக் கூச்சம். அவரை வெளியே அனுப்பிய பிறகுதான் பதில் வந்தது.

எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது. வலி மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்து கொடுத்து, இரும்புச் சத்தை டிரிப்பில் ஏற்றினோம். சில வாரத்தில் 11ஐத் தாண்டியது. ரத்தம் ஏற்றாமலே அறுவை முடிந்தது. முட்டி வலிக்குத் தின்ற மாத்திரைதான் முட்டி ஆபரேஷனுக்கே முட்டுக்கட்டை போட்டிருந்தது.

எல்லோருக்கும் இதுவே காரணம் என்றில்லை. மூலம், அதிக மாதவிடாய், வெறுங்காலோடு கழனியில் இறங்குவோருக்குக் கொக்கிப்புழு, சிறுநீரகக் கோளாறு, சில சமயம் குடல் புற்று. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும். அங்கே இரும்பு கொடுத்துப் பயனில்லை. ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்ற வரியைப் பாருங்கள். 80க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இரும்பு. 100க்கு மேலே என்றால் பி12, ஃபோலிக் அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஃபெரிட்டின் பரிசோதனையும் சேர்ந்தால் இன்னும் தெளிவு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதை வைத்து "பொம்பளைங்களுக்கு இது சகஜம்தானே" என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே, அறுவை என்று பேச்செடுத்த அன்றே ரத்தம் பாருங்கள். குறைந்தது ஆறு வாரம் கையில் இருக்க வேண்டும். அவ்வளவு அவகாசம் இருந்தால் மாத்திரையே பலருக்குப் போதும். அதை டீயோடு விழுங்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். எலுமிச்சைச் சாறு நல்லது. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாம். இரும்பு சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அதற்கு முன்பே கறுத்திருந்ததா என்பதைச் சொல்லிவிடுங்கள். நாள் குறைவு, மாத்திரை ஒத்துவரவில்லை என்றால் ஊசி. ஒரே தடவையில் 1000 மில்லிகிராம் ஏற்றும் மருந்துகள் இருக்கின்றன. வேலை காட்ட மூன்று நான்கு வாரம் ஆகும்.

சுவரொட்டியும் முருங்கைக்கீரையும் சாப்பிடட்டும், தடுக்கவில்லை. ஆனால் 8ஐ 12 ஆக்குவது ஆறு வாரத்தில் சமையலறையால் முடியாது.

இடுப்பெலும்பு முறிந்தவர் கதை வேறு. வழுக்கி விழுந்த ஆயாவை "ரத்தம் ஊறட்டும்" என்று வீட்டில் கிடத்தி வைக்கக் கூடாது. முறிந்த இடத்திலேயே உள்ளுக்குள் ரத்தம் கட்டும். படுக்கையில் நிமோனியா, படுக்கைப்புண் காத்திருக்கும். இரண்டு நாளுக்குள் அறுவை நடப்பதே நல்லது. தேவையான ரத்தத்தை அங்கேயே ஏற்றிக்கொள்ளலாம். அதிலும் அளவு உண்டு. ஒரு யூனிட் சுமார் ஒரு கிராம்தான் கூட்டும். இடுப்பெலும்பு அறுவை செய்துகொண்ட, இதயநோய் அபாயமுள்ள இரண்டாயிரம் பேரை வைத்து நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. 10க்குக் குறையாமல் ரத்தம் ஏற்றியவர்கள், 8க்குக் கீழே போனால் ஏற்றியவர்களைவிட நன்றாக நடக்கவில்லை. வெட்டும்போது ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை குறைந்த ஊசியும் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

வீடு திரும்பும்போது ஒன்று விட்டுப் போகிறது. அறுவையில் ரத்தம் இறங்கியிருக்கும். கையிருப்பு நிரம்பச் சுமார் மூன்று மாதம் இரும்பு தேவைப்படலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்.