புத்தகத்தில் எழுதிய 1:8

கேள்வி: என் மகளுக்கு ஓ நெகட்டிவ், மருமகனுக்கு பி பாசிட்டிவ். மூத்த பையன் நல்லபடியாகப் பிறந்தான். இப்போது மகள் மறுபடியும் ஐந்து மாதக் கர்ப்பம். கர்ப்பிணிக்கான பிங்க் புத்தகத்தில் ‘ஆன்டி-டி 1:8’ என்று எழுதி, மாதாமாதம் இரத்தம் எடுக்க வரச் சொல்கிறார் கிளினிக் மிஸ்ஸி. ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். பையனுக்குப் பிறகு இரண்டு மாதத்தில் ஒன்று கலைந்தது. அதைக் கிளினிக்கில் சொல்லவில்லை.
— ஒரு தாய், பீடோங்

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பிரசவமோ கலைதலோ, பாசிட்டிவ் பிள்ளையின் இரத்தம் கொஞ்சம் தாயின் உடம்பில் சேர்ந்தால், அதை எதிர்க்கும் பொருளை உடம்பு செய்யப் பழகிக்கொள்ளலாம். அந்த எதிர்ப்பொருள்தான் புத்தகத்தில் எழுதிய ஆன்டி-டி. உங்கள் மகளுக்கு அந்தப் பழக்கம் எப்போது வந்தது என்பதைத் தேடும்போது, சொல்லாமல் விட்ட அந்த இரண்டு மாதமும் கணக்கில் வரும்.

இரத்தத்தை என்ன செய்கிறார்கள்? தெளிந்த சீரத்தைப் பிரித்து, பாசிட்டிவ் சிவப்பணுக்களோடு கலந்து, உடம்புச் சூடான 37 டிகிரியில் வைக்கிறார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கள்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததை உப்புநீரில் கழுவிவிட்டு, ஒட்டிய எதிர்ப்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் கூம்ப்ஸ் சீரம் இரண்டு சொட்டு விட்டுச் சுழற்றுவார்கள். ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் திரளுமே, அதுபோல அணுக்கள் கூடித் திரளும். கேம்பிரிட்ஜில் கூம்ப்ஸ், மூரண்ட், ரேஸ் ஆகிய மூவர் 1945இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை.

அடுத்து அளவு. சீரத்தை இரண்டு மடங்கு, நான்கு, எட்டு, பதினாறு என நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். மகளுக்கு எட்டு மடங்கு குழாய்வரை திரண்டது, பதினாறில் திரளவில்லை. அதுதான் 1:8. பல மருத்துவமனைகள் 16 அல்லது 32ஐ எட்டினால்தான் பிள்ளைக்கு ஆபத்து வரலாம் என்று நெருங்கிப் பார்க்கத் தொடங்கும். ஆகவே இன்றைய எண்ணைவிட அது போகும் திசைதான் எனக்கு முக்கியம். 8 அடுத்த மாதம் 16 ஆனால் கண்பார்வை வித்தியாசமாகவும் இருக்கலாம். 32 ஆனால் உண்மையான ஏற்றம். அதனால்தான் பழைய மாதிரியை உறையவைத்து, புதியதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். 28 வாரம்வரை மாதம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது வழக்கம். ஒரு தடவையும் தவறவிடாதீர்கள்.

ஊசி? 1968இலிருந்து பயன்பாட்டில் உள்ள அருமையான மருந்து. ஆனால் உடம்பு பழகுவதற்கு முன்பு போட வேண்டியது. பழகிய பிறகு பலனில்லை. ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள்: இந்தக் கர்ப்பத்தில் இரத்தப்போக்குக்காக வேறெங்காவது அந்த ஊசி போட்டார்களா? போட்டிருந்தால், அந்த மருந்தே பரிசோதனையில் எதிர்ப்பொருளாகக் காட்டும்.

மருமகனின் இரத்தத்தையும் சோதிக்கட்டும். அவர் மறைவாக ஒரு நெகட்டிவ் மரபணுவைச் சுமந்தால், பிள்ளை நெகட்டிவாக இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படியானால் இந்த எதிர்ப்பொருளால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அளவு ஏறினால், பிள்ளையின் மூளைக்குப் போகும் இரத்த ஓட்ட வேகத்தை ஸ்கேனில் பார்த்துச் சோகையைக் கண்டுபிடிக்கலாம். தேவையானால் தொப்புள்கொடி வழியாகவே இரத்தம் ஏற்றலாம். அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கு அனுப்பினால் தூரம் பார்க்காதீர்கள்.

நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர்களிடையே நெகட்டிவ் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நம்மவர்களில் ஐந்தாறு பேர். பிரசவத்தில் இரத்தம் தேவைப்பட்டால் தேடி அலைய வேண்டிவரும். மகளின் அண்ணன் தம்பிகளின் வகையை இப்போதே பார்த்து வையுங்கள். அடுத்த முறை போகும்போது, கலைந்த கர்ப்பத்தை மிஸ்ஸியிடம் சொல்லிப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.