புது 50 மி.மீ. லென்ஸோடு மாமல்லபுரமா? கிளம்புமுன் இதைப் படி

கேமரா வாங்கியவர்கள் அடுத்ததாகக் காசு போடும் லென்ஸ் பெரும்பாலும் 50 மி.மீ. எஃப் 1.8-தான். விலை கம்மி, எடையும் கம்மி. கேனன் எஸ்.டி.எம். வெறும் 160 கிராம். கேமராவோடு வந்த கிட் லென்ஸை 50-க்கு இழுத்தால் எஃப் 5.6 பக்கம் போய் நின்றுவிடும். இது அதைவிட ஒன்பது, பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வாங்கியது நல்ல முடிவு. ஆனால் டப்பாவைப் பிரித்த கையோடு பீச்சுக்கு ஓடாதே. உப்பும் மணலும் சேர்ந்த இடம் அது. இந்த விலையில் வரும் லென்ஸுக்கு முழுமையான தூசி, தண்ணீர் தடுப்பு கிடையாது.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

1. நிக்கான்காரியா நீ? லென்ஸ் பெயரில் 1.8-க்குப் பின்னால் என்ன எழுத்து என்று பார். 'டி' என்றால் டி3000, டி5000 வரிசை கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது; அந்த பாடிக்குள் மோட்டார் இல்லை. 'ஜி' என்று இருந்தால்தான் உனக்கு. "விலை குறைச்சலா கிடைச்சுது" என்று பழைய டி லென்ஸை வாங்கிவிட்டுப் பிறகு முழிக்காதே.

2. செகண்ட் ஹேண்ட் என்றால் போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் சாய்த்துப் பார். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் ஃபங்கஸ். கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் வரும். பேரமே பேசாமல் திருப்பிக் கொடு.

3. மூன்று மசாலா டப்பாவை மேஜையில் முன்னும் பின்னுமாகச் சாய்வாக அடுக்கு. எஃப் 1.8 வைத்து, நடு டப்பாவின் எழுத்தில் ஃபோகஸ் செய்து நாலைந்து தடவை எடு. ஒவ்வொரு தடவையும் முன் டப்பாவோ பின் டப்பாவோதான் தெளிவாக வருகிறது என்றால் லென்ஸும் கேமராவும் ஒத்துப்போகவில்லை. கடைக்கு எடுத்துப் போ. கடற்கரையில் போய் "கை ஆடிடுச்சோ" என்று குழம்ப வேண்டாம்.

4. ஹூட் கட்டாயம். யு.வி. ஃபில்டர் எப்போதும் தேவை என்று சொல்ல மாட்டேன், கடலுக்குப் போகும்போது மட்டும் போடு. அளவு பார்த்து வாங்கு: கேனன் இ.எஃப். எஸ்.டி.எம். 49 மி.மீ., ஆர்.எஃப். 43, நிக்கான் 1.8 ஜி 58.

5. இந்த லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போ. கிட் லென்ஸ் வீட்டில் இருக்கட்டும். கையில் இருந்தால் மாற்றத் தோன்றும். காற்றடிக்கும் மணலில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் முழுக்கத் தூசிதான்.

போகிற வழியில்

ஈ.சி.ஆர். முழுக்க ஏ.சி. போட்டு, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு போகாதே. இறங்கிய நொடியில் கண்ணாடி முழுக்க ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். பையில் போட்டு ஜிப்பை மூடி டிக்கியில் வை. இறங்கிய பிறகும் அரை மணி நேரம் பை மூடியே இருக்கட்டும். அதற்குள் ஒரு டீ குடி.

அங்கே போனதும்

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான், கவனமாகக் கேள். 1.8 இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் 1.8-லேயே எடுக்காதே. பளிச்சென்ற வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100-லேயே, எஃப் 1.8-க்கு ஷட்டர் 1/8000 பக்கம் வேண்டியிருக்கும். ஆரம்பநிலை கேமராக்கள் பலவற்றில் 1/4000-க்கு மேல் கிடையாது. படம் வெளுத்துப்போகும். மணலும் அலை நுரையும் வெறும் வெள்ளைத் திட்டாக வரும். அதே வெயிலில் எஃப் 4 வைத்தால் 1/1600 போதும், படமும் இன்னும் கூர்மையாக இருக்கும்.

இன்னொன்று. கிராப் சென்சார் கேமராவில், ஒரு மீட்டர் தூரத்தில், எஃப் 1.8-ல் தெளிவாக வருவது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஆழம்தான். வலையைச் செப்பனிடும் ஒருவரின் கையை எடுக்கிறாய் என்று வை. விரலில் ஃபோகஸ் பிடித்தால் வலை ஊசி மங்கும், ஊசியில் பிடித்தால் முடிச்சு மங்கும். எஃப் 4 வைத்தால் மூன்றும் கிடைக்கும். பின்னால் இருக்கும் நீல வலைக்குவியல் அப்போதும் மென்மையாகவே இருக்கும். 1.8-ஐ சூரியன் எழும் முன் உள்ள அரையிருட்டுக்கு வைத்துக்கொள். படகு தள்ளுகிறவர்களை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க அதுதான் கைகொடுக்கும்.

ஷட்டர் 1/125-க்குக் கீழே இறங்க விடாதே. இந்த லென்ஸில் ஆட்டம் தாங்கும் வசதி கிடையாது. படகோ அலையோ ஓடினால் 1/500.

கடற்கரைக் கோயிலுக்கு வருவோம். கிராப் சென்சாரில் 50 என்பது 75, 80 மாதிரி வேலை செய்யும். கோபுரம் சுமார் 60 அடி. கேமராவைக் குறுக்காகப் பிடித்தால் முழுசாக அடக்க 60 மீட்டர் பின்னால் போக வேண்டும், நெடுக்காகப் பிடித்தால் 40 போதும். நெடுக்காகவே பிடி. முழுக் கோயிலும் வேண்டும் என்று ஏங்காதே, அதற்கு போன் கேமராவே போதும். மதில் மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகள், உப்புக்காற்று அரித்துக் குழிவிழுந்த கல், இவைதான் இந்த லென்ஸுக்குச் சரியான தீனி. காலையில் வெயில் கடல் பக்கத்திலிருந்து வரும். அதனால் தரைப் பக்கம் நின்று எடுத்தால் கோயில் கருநிழலாகத்தான் வரும். ட்ரைபாட் எடுத்துப் போகாதே, தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

மீனவர் குப்பத்துப் பக்கம் போனால்:

- ஜூம் கிடையாது, கிட்டே போய்த்தான் ஆக வேண்டும். அதனால் முதலில் "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.
- காயப்போட்ட வலையைச் செருப்புக் காலால் மிதிக்காதே. அது அவர்கள் பிழைப்பு.
- மீன் விலை பேசும் நேரத்தில் குறுக்கே நிற்காதே. முடிந்ததும் அந்த அக்காவே கூடையைத் திருப்பிக் காட்டுவார்.
- கண்ணை வியூஃபைண்டரில் வைத்துக்கொண்டு பின்னால் நடக்காதே. கயிறும் நங்கூரமும் கிடக்கும், அலையும் வரும்.

கேமராவை மணலில் வைக்காதே, ஒரு நிமிஷம்கூட. கேனன் எஸ்.டி.எம். லென்ஸில் ஃபோகஸ் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும். அந்த இடுக்கில் மணல் போனால் கரகரவென்று சத்தம் வரும், பிறகு சர்வீஸ்தான்.

வீடு திரும்பியதும்

களைப்பாக இருக்கும், தெரியும். இந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் ஒத்திப்போடாதே. முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊது. பிறகுதான் துடைக்கும் வேலை. துப்பட்டா முனையால் கண்ணாடியைத் தொட்டால் மணல் துகள் கீறிவிடும். பாடியையும் லென்ஸின் வெளிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடை, அப்போதுதான் உப்பு போகும். அப்புறம் உலர்ந்த துணி. கண்ணாடிக்கு மைக்ரோஃபைபர் மட்டும்.

சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வை. நீல மணிகள் ரோஸ் நிறமானால் மாற்று. அரிசி டப்பாவுக்குள் வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம், தவிட்டுத் தூசி லென்ஸுக்குள் போகும்.

எடுத்த படங்களை அன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, நாலு மூலையும் பார். ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் எல்லாப் படத்திலும் வந்தால் லென்ஸில் குறை. பில்லோடு கடைக்குப் போய் மாற்றித் தரச் சொல். மாற்றித் தரும் கெடு ரொம்பக் குறைச்சல், அடுத்த ஞாயிறு வரை தள்ளாதே.