வாழ்க்கையின் பொருள் ஸ்கேனில் தெரியுமா?

நம்பிக்கை: எட்டு வாரம் தியானம் செய்தால் மூளையின் அமைப்பே மாறிவிடும், இதை அறிவியல் நிரூபித்துவிட்டது.

உண்மை: இந்தப் பேச்சுக்குப் பெரிய பலம் சேர்த்தது 2011இல் வந்த ஓர் ஆய்வு. எட்டு வாரத் தியானப் பயிற்சி முடித்தவர்களை பாஸ்டனில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி சற்று அடர்ந்திருந்தது. பயிற்சி பெற்றவர்கள் மொத்தம் 16 பேர், ஒரு வேனில் அடங்கும் கூட்டம். அவர்களும் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள்தான், குலுக்கல் முறையில் தேர்வானவர்கள் அல்ல. 2022இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு, 200க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து அதே பயிற்சியைச் சோதித்தது. பயிற்சியால் மூளையின் அமைப்பு மாறியதாகத் தெரியவில்லை. அந்தக் குழுவில் இருந்தவர் ரிச்சர்ட் டேவிட்சன், தலாய் லாமாவின் தூண்டுதலால் தியான ஆய்வில் முழுமூச்சாக இறங்கியவர். தமக்குச் சாதகமில்லாத முடிவை அவரே வெளியிட்டதுதான் அறிவியலின் அழகு.

அப்படியானால் தியானம் வீணா? இல்லை. 47 சோதனைகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு ஆய்வு, பதற்றமும் மனச்சோர்வும் வலியும் ஓரளவு குறைவதாகச் சொல்கிறது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விட மேல் என்பதற்குத்தான் ஆதாரமில்லை. ஆனால் பதற்றம் தணிவது வேறு, வாழ்வதில் ஒரு பொருள் தெரிவது வேறு. இந்த வேறுபாடு பயிற்சியின் முதல் வகுப்பிலேயே தெரியும். இந்த எட்டு வாரப் பயிற்சியை 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கியவர் ஜான் கபாட்-சின். நாள்பட்ட வலிக்காரர்கள் பலர் அவரிடம் வந்தார்கள். முதல் வகுப்பில் ஆளுக்கு ஓர் உலர்திராட்சை. அதன் சுருக்கங்களைப் பார்த்து, விரலில் உருட்டி, முகர்ந்து, கடிக்காமல் நாக்கில் வைத்திருக்க வேண்டும். வாயில் ஊறும் எச்சிலைக் கருவி அளந்துவிடும். ஆனால் இத்தனை காலம் பிடிபிடியாய் அள்ளித் தின்றும் ஒன்றைக்கூட ருசிக்கவில்லையே என்று உறைப்பது தின்றவருக்கு மட்டும்தான்.

‘அனுபவமே சாட்சி என்றால் ஆய்வு எதற்கு?’ என்று கேட்கலாம். அனுபவம் உள்ளே நடந்ததைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. தியானத்தால் மனம் லேசான ஒருவர், புற்றுநோயும் குணமாகிவிட்டது என்று மனதார நம்பக்கூடும். கண்மூடி உட்கார்ந்தாலே பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு, பழைய காயங்கள் கிளறப்படுகிறவர்களும் உண்டு. ஆய்வுகளில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. வகுப்பு விளம்பரங்களில்தான் காணோம்.