பழைய பேஸ்பால் அட்டைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பேஸ்பால் அட்டையின் ஒரு பக்கத்தில் ஆட்டக்காரரின் படம் இருக்கும். மறுபக்கத்தில் அவரைப் பற்றிய குறிப்போ ஒரு விளம்பரமோ அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் 1880களில் இவற்றைப் பெட்டிக்குள் வைத்து விற்கத் தொடங்கின. பெட்டி நசுங்காமல் நிற்க அட்டை உதவியது. அடுத்த பெட்டியை வாங்கவும் ஆசை காட்டியது. 1930களில் பபிள்கம் நிறுவனங்கள் இந்த உத்தியைக் கையில் எடுத்துக்கொண்டன. இப்படி இலவசமாக வந்த ஓர் அட்டை 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. இத்தகைய விலைகளைச் சுற்றிப் பல தவறான நம்பிக்கைகள் வளர்ந்துள்ளன. அவற்றை நம்பி வாங்குவோரும் விற்போரும் ஏமாறுகிறார்கள் என்பதால், அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது அவசியம்.

நம்பிக்கை 1: அட்டை எவ்வளவு பழையதோ அவ்வளவு விலை.

உண்மை: வயது மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. குட்வின் நிறுவனம் 1886 முதல் 1890 வரை 'ஓல்ட் ஜட்ஜ்' சிகரெட்டுடன் தந்த அட்டைகள் பேஸ்பால் அட்டைகளிலேயே மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை. ஆயினும் பெயர் பெறாத ஓர் ஆட்டக்காரரின் மங்கிய ஓல்ட் ஜட்ஜ் அட்டையைச் சில நூறு டாலருக்கு வாங்கலாம். 1.26 கோடி டாலர் பெற்ற அட்டையோ அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின் வந்தது. எத்தனை பிரதிகள் மிஞ்சின, எத்தனை பேர் தேடுகிறார்கள், அட்டை எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தே விலையை உருவாக்குகின்றன.

நம்பிக்கை 2: ஹோனஸ் வாக்னர் புகையிலையை வெறுத்ததால் அவருடைய அட்டை அரிதாயிற்று; அரிதாக இருப்பதால்தான் அதற்கு அந்த விலை.

உண்மை: இதில் பாதிதான் சரி. அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் 1909 முதல் 1911 வரை வெளியிட்ட, ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட தொகுப்பைச் சேகரிப்பாளர்கள் டி206 என்கிறார்கள். ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் தம் அட்டைப் பட்டியலில் இட்ட குறியீடு அது. அவர் திரட்டியவை இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தத் தொகுப்பில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் வாக்னர் அட்டை வெகு சீக்கிரமே நிறுத்தப்பட்டது. இன்று அறியப்பட்டவை ஏறக்குறைய அறுபதுதான். தம் படத்தைப் பயன்படுத்த வாக்னர் சம்மதிக்கவில்லை என்பதில் பொதுவாகக் கருத்து வேறுபாடு இல்லை, காரணத்தில்தான் வேறுபாடு. சிறுவர்கள் தம் படத்துக்காக சிகரெட் வாங்கக்கூடாது என்று அவர் நினைத்தார் என்பது ஒரு விளக்கம்; தக்க பணம் தரப்படவில்லை என்பது இன்னொன்று. வாக்னர் தாமே புகையிலை மென்றவர். இந்த அட்டைக்கு முன் சுருட்டு விளம்பரத்தில் அவர் படம் வந்ததும் உண்டு. ஆகவே புகையிலை வெறுப்பு என்ற காரணம் பொருந்தவில்லை.

அரிதாக இருப்பது மட்டுமே விலைக்குக் காரணம் என்பதும் சரியல்ல. அதே தொகுப்பில் ஜோ டாயில் என்ற பந்துவீச்சாளரின் அட்டை ஒன்றில் அவரது அணி எந்த லீகைச் சேர்ந்தது என்பது தவறாக அச்சாகி, பின்னர் திருத்தப்பட்டது. பிழையுள்ள பிரதிகள் வாக்னர் அட்டையை விடக் குறைவு. ஆனால் 2022இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறிய வாக்னர் அட்டையின் விலையை அது எட்டவில்லை. வாக்னர் தம் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். பேஸ்பால் புகழ்மண்டபத்துக்கு முதன்முதலில் தேர்வான ஐவரில் ஒருவர். அதே 2022இல் பாதியாகக் கிழிந்த வாக்னர் அட்டை ஒன்றுகூட 15 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

நம்பிக்கை 3: டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட, ஆட்டக்காரர் மிக்கி மான்டிலின் அட்டை அவருடைய முதல் அட்டை, மிக அரிதானதும் கூட.

உண்மை: இரண்டுமே தவறு. மான்டிலின் முதல் அட்டை 1951இல் போமன் நிறுவனம் வெளியிட்ட 253ஆம் எண் அட்டை. 1952 டாப்ஸ் தொகுப்பில் 407 அட்டைகள். மான்டிலின் எண் 311. அதோடு தொடங்கும் கடைசி வரிசை, ஆட்டப் பருவம் முடியும் வேளையில் கடைக்கு வந்ததால் சரியாக விற்கவில்லை. தேங்கிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்த வரிசை அரிதானதற்கு இது ஒரு காரணம். ஆனால் அதற்குள்ளேயே மான்டில் அட்டை ஒவ்வொரு அச்சுத்தாளிலும் இருமுறை இடம்பெற்றது. அதனால் வரிசையின் பெரும்பாலான அட்டைகளை விட அதன் பிரதிகள் அதிகம்.

1.26 கோடி டாலர் பெற்றது இந்த அட்டையின் ஒரு பிரதிதான். அதன் தர மதிப்பு பத்துக்கு 9.5. 1980களின் நடுவில் மாசசூசெட்ஸில் கிடைத்த, கை படாத அட்டைக் குவியலிலிருந்து வந்தது அது. அந்த விலை அதன் பழுதற்ற நிலைக்கும் மான்டிலின் புகழுக்கும் கிடைத்தது. மூலை மழுங்கி மடிப்பு விழுந்த பிரதிக்கு அதில் மிகச் சிறு பங்கே கிடைக்கும்.

நம்பிக்கை 4: 1980களின் இறுதியில் வாங்கிப் பிரிக்காமல் வைத்த பெட்டிகள் இன்று பெருஞ்செல்வம்.

உண்மை: பெரும்பாலும் இல்லை. பழைய அட்டைகள் விலையேறியதற்குக் காரணம், அன்று அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதே. சிறுவர்கள் அவற்றை வைத்து விளையாடிக் கிழித்தார்கள்; பெரியவர்கள் குப்பையில் போட்டார்கள். 1980களில் நிலை தலைகீழானது. டாப்ஸின் தனியுரிமைக்கு எதிராக 1980இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, 1981இல் பிளீர், டான்ரஸ் நிறுவனங்களும் சந்தைக்கு வந்தன. 1989இல் அப்பர் டெக் சேர்ந்தது. அட்டை ஒரு முதலீடு என்ற எண்ணம் பரவ, நிறுவனங்கள் ஏராளமாக அச்சடித்தன. வாங்கியவர்கள் பத்திரமாகப் பாதுகாத்தார்கள். 1989 அப்பர் டெக் தொகுப்பின் முதல் எண்ணான கென் கிரிஃபி ஜூனியர் அட்டையில், மிக உயர்ந்த தரமான 10 பெற்ற பிரதிகளே ஆயிரக்கணக்கில் உள்ளன. எல்லோரும் சேமித்த பொருளுக்குத் தட்டுப்பாடு வருவதில்லை.

நம்பிக்கை 5: அச்சுப்பிழை இருந்தால் விலை கூடும்.

உண்மை: பிழை நடுவில் திருத்தப்பட்டு, பிழையுள்ள பிரதிகள் சிலவே வெளிவந்திருந்தால்தான் கூடும். 1990 டாப்ஸ் பிராங்க் தாமஸ் அட்டையில் சில பிரதிகளில் மட்டும் முன்பக்கப் பெயர் விடுபட்டதால் அவை தேடப்படுகின்றன. 1957 டாப்ஸ் ஹேங்க் ஆரன் அட்டையில் படம் இடவலம் மாறி அச்சானது. அது திருத்தப்படவே இல்லை. எல்லாப் பிரதிகளிலும் உள்ள பிழைக்குத் தனி விலை கிடையாது.

நம்பிக்கை 6: ஓரத்தைச் சீராக வெட்டினால் அட்டையின் மதிப்பு உயரும்.

உண்மை: வெட்டுதல், நிறம் தீட்டுதல், மடிப்பை அழுத்தி மறைத்தல் ஆகிய அனைத்தும் அட்டையைக் கெடுக்கின்றன. கண்டுபிடிக்கப்பட்டால் தர எண் மறுக்கப்படும். சொல்லாமல் விற்றால் அது மோசடி. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் கூட்டாளியும் 1991இல் 4,51,000 டாலருக்கு வாங்கிய வாக்னர் அட்டை இதற்குப் பெரிய சான்று. தரம் பார்க்கும் நிறுவனமான பி.எஸ்.ஏ. அதற்கு 8 என்ற உயர்ந்த மதிப்பைத் தந்தது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த அட்டையின் ஓரங்களை வெட்டியவர் தாமே என்று ஏல நிறுவன அதிபர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். ஏல மோசடி வழக்கில் அவர் சிறைத்தண்டனையும் பெற்றார். தரச்சான்று தேவையானதுதான். ஆனால் அது மனிதர்கள் பார்த்துத் தரும் கருத்து. தவறவே தவறாது என்று கொள்ளக்கூடாது.

நம்பிக்கை 7: பழுப்பேறி, மூலை தேய்ந்திருந்தால் அசல்தான்.

உண்மை: பழுப்பையும் தேய்மானத்தையும் செயற்கையாக வரவழைக்க முடியும். அளவும் அச்சுமுறையும்தான் நம்பகமான அடையாளங்கள். டி206 அட்டையின் அடியில் உள்ள பெயரை உருப்பெருக்கியில் பார்த்தால் எழுத்து முழு மையில் திண்மையாக இருக்கும். நகல்களில் பெரும்பாலும் புள்ளிகளாகப் பிரியும். 1952 டாப்ஸ் தொகுப்பை 1983இல் அந்த நிறுவனமே மறுபதிப்பு செய்தது. அந்த அட்டைகள் அசலை விடச் சிறியவை.

எனவே ஓர் அட்டையை மதிப்பிட ஒழுங்கான வழி உண்டு. முதலில் அது எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்து அளவையும் அச்சையும் பார்த்து அசலா என்று அறிய வேண்டும். பின் வெட்டு, திருத்தம், மடிப்பு உள்ளனவா என்று சோதிக்க வேண்டும். கடைசியாக, அதே அட்டை அதே தரத்தில் அண்மையில் உண்மையாக என்ன விலைக்கு விற்றது என்று பார்க்க வேண்டும். விற்பவர் கேட்கும் தொகை விலையாகாது. வாங்கியவர் கொடுத்த தொகையே விலை.