கணக்குக்கு ஒரு காப்பு: இணையவழி பேக்கப் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



முன்பு நம் கடைகளில் குறிப்பேடு ஒன்றும் பேரேடு ஒன்றும் இருந்தன. பேரேடு நனைந்து போனாலும், குறிப்பேட்டை வைத்துக் கணக்குப்பிள்ளை நாலு நாளில் திரும்ப எழுதிவிடுவார். இன்று கொள்முதல், விற்பனை, இருப்பு, வரவேண்டிய பாக்கி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் அடங்கிவிட்டன. அது பழுதானால் கடையில் சரக்கு இருக்கும். யார் எவ்வளவு தரவேண்டும் என்ற விவரம் இருக்காது. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் நமக்கு, போட்ட முதலில் பெரும்பங்கு வெளியில் நிற்கும் பாக்கிதான்.

சட்டமும் இதைக் கேட்கிறது. கணினியில் கணக்கு வைப்பவர்கள் முறையான மின்னணு நகல் வைத்திருக்க வேண்டும். விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ கணக்கு அழிந்தால், நியாயமான காலத்திற்குள் மீட்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. விதிகளில் 57ஆவது விதி இது. ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவு. அதன்படி 2023-24 கணக்கை 2030 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள், 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் நகல் எடுத்தாக வேண்டும்.

பென் டிரைவில் எடுத்துக் கல்லாவில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடியிலும் கடைகளுக்குள் புகுந்த வெள்ளம், மேசை எது, கல்லா எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு நகல் கடைக்கு வெகுதூரத்தில் இருந்தாக வேண்டும். அதற்குத்தான் இணையவழி பேக்கப்.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

இணையத்தில் ஃபைல் வைக்கும் வசதியில் இரண்டு வகை உண்டு. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை முக்கியமாகச் சிங்க் செய்பவை. கம்ப்யூட்டரில் இருப்பது அப்படியே மேலே போகும். இங்கே கடைப் பையன் தவறிப்போய் ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற வைரஸ், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். பூட்டப்பட்ட ஃபைலும் அப்படியே மேலே ஏறிவிடும். பேக்கப் சேவையோ நேற்றைய பிரதி, போன வாரப் பிரதி என்று தனித்தனியே வைத்திருக்கும். நமக்கு வேண்டியது இதுதான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. பழைய பிரதி எத்தனை நாள் இருக்கும்? பல திட்டங்களில் 30 நாள்தான். ஏப்ரலில் நேர்ந்த பிழை ஆடிட்டர் கண்ணில் படுவது செப்டம்பரில். நீண்ட காலம் வைத்திருக்கும் திட்டமே நமக்கு ஏற்றது. அதோடு மாத இறுதி நகலைத் தனிப் பெயரில் சேமியுங்கள்.

2. திரும்ப எடுக்க எவ்வளவு நேரம்? விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 1 ஜி.பி. வந்து சேரச் சுமார் 14 நிமிடம் ஆகும். சிறு கடையின் கணக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். ஆகவே அதிக ஜி.பி. தருகிறார்கள் என்பதற்காக மயங்க வேண்டாம்.

3. கணக்கு யார் பெயரில்? கம்ப்யூட்டர் ஆபரேட்டரின் மின்னஞ்சலில் தொடங்கினால், அவர் வேலையை விட்டுப் போகும்போது சாவியும் அவரோடு போகும். மின்னஞ்சல் கடைப் பெயரிலும், ஓ.டி.பி. வரும் எண் முதலாளியிடமும் இருக்கட்டும்.

4. பூட்டின் சாவி யாரிடம்? சில திட்டங்களில் ரகசியச் சொல் நமக்கு மட்டுமே தெரியும். பாதுகாப்பு அதிகம், ஆனால் அதைத் தொலைத்தால் அந்தக் கம்பெனியாலும் திறந்து தர முடியாது. தாளில் எழுதி லாக்கரில் வையுங்கள்.

5. தவணை தவறினால் என்ன ஆகும்? எத்தனை நாள் பொறுப்பார்கள், இரண்டாம் ஆண்டு விலை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். இலவசக் கணக்குக்கும் கெடு உண்டு: இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை 2023 டிசம்பர் முதல் கூகுள் கடைப்பிடிக்கிறது.

6. அவர்களிடம் எத்தனை இடத்தில் நகல் இருக்கிறது? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தகவல் மையம் ஒன்று தீயில் அழிந்தது. மூலமும் நகலும் அதே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

அன்றாட முறை

மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வெளியூரில்: கம்ப்யூட்டர்த் துறையினர் சொல்லும் இந்த முறை நமக்கும் பொருந்தும். கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று. நகல் எடுத்ததும் அந்த டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் வைரஸ் அதையும் பூட்டும். டேலி போன்ற கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது அந்த ஃபோல்டரை அப்படியே பிரதி எடுத்தால் ஃபைல் கெட்டுப்போக இடமுண்டு. கடை அடைக்கும் நேரத்தில் மென்பொருளிலேயே உள்ள பேக்கப் வசதியால் நகல் எடுத்து, அதை மேலே அனுப்புங்கள்.

சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் மூட்டைக்குப் பணம் கொடுக்க மாட்டோம். பேக்கப்பும் அப்படியே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு கம்ப்யூட்டரில் நகலை இறக்கித் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் பாக்கியையும் ஒரு பொருளின் இருப்பையும் ஒத்துப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் திட்டம் நல்லது. திறக்கவே வரவில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் உடனே மாற்றுங்கள். மார்ச் 31ஐ உலக பேக்கப் தினம் என்கிறார்கள். நமக்கும் அன்றுதான் கணக்கு முடிக்கும் நாள். அந்த ஆண்டின் நகலைத் திறந்து சரிபார்த்த பிறகே புதுக் கணக்கைத் தொடங்குவோம்.